பரிசு கொடுத்துப் பழக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 36 வயது. மனச்சிதைவு நோய்க்குப் பதினோரு ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் குளிக்கவும் துணி துவைக்கவும் வைப்பதற்குள் தினமும் போராட்டம்தான். செய்தால் பரிசு என்று சொல்லிப் பழக்கலாம் என்கிறார்கள். வளர்ந்தவனைக் குழந்தைபோல் நடத்துவதாகாதா?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனாலும், ஒரு செயலைத் தொடர்ந்து நல்லது நடந்தால் அச்செயல் மீண்டும் நிகழும் என்ற தொடர்புக் கற்றல் விதி வயது பார்ப்பதில்லை; நாம் வாங்கும் சம்பளமும் ஏறக்குறைய அந்த வகைதான். 1960-களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இருந்த அன்னா அரசு மனநல மருத்துவமனையில், நோயாளிகள் தம் வேலையைச் செய்ததும் டோக்கன் கொடுத்து, அதை விரும்பிய பொருளுக்கோ சலுகைக்கோ மாற்றிக்கொள்ளும் முறையை அய்லான், அஸ்ரின் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திக் காட்டினார்கள். பின்னர் கார்டன் பால், ராபர்ட் லென்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள், ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையிலேயே இருந்துவிட்ட 84 பேரை மூன்று பிரிவாக்கி ஒப்பிட்டு 1977-இல் வெளியிட்ட ஆய்விலும், இவ்வகைப் பயிற்சி பெற்ற பிரிவினரே அதிகம் தேறியிருந்தார்கள்.

மனச்சிதைவு உள்ள பலருக்கு, கையில் கிடைத்த இன்பத்தை உணர்வதைவிட, வரப்போகும் இன்பத்தை எண்ணி எழுந்து செயல்படுவதே கடினம். சோம்பல் என்று வீட்டார் திட்டுவது பெரும்பாலும் இதைத்தான். ஆகவே "மாதக் கடைசியில் சட்டை வாங்கித் தருகிறேன்" என்பது உதவாது. குளித்து வந்த அந்த நிமிடத்திலேயே, "தலைக்கும் ஊற்றிக்கொண்டாயா, நல்லது" என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லி, உரியதைக் கொடுத்துவிட வேண்டும்.

தவறு செய்யவிட்டுப் பிறகு திருத்துவதும் வேண்டாம். நினைவாற்றல் குன்றியவர்களுக்குத் திருத்தம் மறந்துபோய், செய்த தவறே கைப்பழக்கமாக ஒட்டிக்கொள்வதுண்டு. சலவை இயந்திரம் என்றால், துணி போடுவது முதல் தூள் அளப்பது வரை நீங்களே செய்து, கடைசிப் பொத்தானை மட்டும் அவரை அழுத்தச் சொல்லுங்கள். அது தடையின்றி வந்தபின் தூள் போடுவதையும் அவரிடம் விடுங்கள். இப்படிப் பின்னிருந்து முன்னோக்கி ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். பழகப் பழகப் பரிசைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். சட்டென்று நிறுத்தினால் செயலும் நின்றுபோகக்கூடும்.

குழந்தைபோல் ஆகிவிடுமோ என்ற கவலைக்கு ஒரே வழி, எந்தச் செயல், என்ன பரிசு என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வது. உணவு, படுக்கை, உடை, உறவினரைச் சந்திப்பது ஆகியவை எப்படியும் அவருக்கு உரியவை. அவற்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பரிசாகத் திருப்பித் தராதீர்கள். மருந்தின் மயக்கமும் காலையில் எழவிடாமல் செய்யலாம் என்பதால், பயிற்சியைத் தொடங்குமுன் அதை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.