பட்டறைக் கேள்வி - பதில்: பழைய அரம் உளியாகுமா?

கேள்வி: தேய்ந்துபோன தட்டை அரம் நாலைந்து கிடக்கிறது. ஒன்றைச் சாணை பிடித்து உளியாக்கினேன். கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) இரண்டு தட்டு தட்டியதும் முனை பொரிந்துவிட்டது. என்ன தவறு?
(வாசகர், காரைக்குடி)

பதில்: அரத்தின் பதத்தை மாற்றாமல் விட்டதுதான் தவறு. அரம் இரும்பையே ராவ வேண்டியது. அதனால் கண்ணாடிபோல விறைப்பாக இருக்கும், அடி தாங்காது. நல்ல அரத்தில் கரிச்சத்து 1 சதவீதத்துக்கு மேல் உண்டு. உளிக்கு அது அருமையான எஃகு. ஆனால் மலிவான சில அரங்களில் மேல்தோல் மட்டும்தான் கடினம், உள்ளே வெறும் இரும்பு. அது உதவாது.

முதலில் அரத்தைச் செஞ்சூடாக்கிச் சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க ஆறவிடுங்கள். காலையில் இன்னொரு அரத்தால் எளிதாக ராவ வரும். பற்களை ஒன்றுவிடாமல் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பல்லின் பள்ளம் ஒன்று மிஞ்சினாலும் தோய்ச்சலின்போது (சூட்டோடு எண்ணெயில் முக்கும்போது) விரிசல் அங்கேதான் தொடங்கும். வடிவம் கொடுக்கும்போது முனையை 1 மி.மீ. கனத்துக்கு விட்டுவையுங்கள். இப்போதே கூராக்கினால் சூட்டில் கோணிக்கொள்ளும்.

பிறகு முனையிலிருந்து 4 செ.மீ. வரை சூடாக்குங்கள். காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டுக்குச் சற்று மேலே போனால் போதும். நிறத்தை நிழலில் வைத்துப் பாருங்கள். வெயிலில் கண் ஏமாற்றும். வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் நேர்குத்தாக இறக்குங்கள். இந்தச் செஞ்சூட்டில் தண்ணீரில் முக்கினால் வெடிக்கலாம். எண்ணெய் தீப்பிடிக்கும், எனவே இரும்பு டின், பக்கத்திலேயே அதற்கு மூடி, வேலை வெளியில்.

இனிதான் பதம், அதாவது விறைப்பைச் சற்றுத் தணிப்பது. முனையைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, பிடிப்பக்கமிருந்து மெல்லச் சூடேற்றுங்கள். நிறம் முனையை நோக்கி ஓடிவரும். வைக்கோல் நிறம் முனையைத் தொட்டதும் (சுமார் 225 டிகிரி) தண்ணீரில் போட்டுவிடுங்கள். நீலம் வந்துவிட்டால் உளி மொன்னை, மறுபடி முதலிலிருந்து. பொறுமை இல்லாதவர்கள் கெடுத்துக்கொள்ளும் இடம் இதுதான்.

சாய்வுக்கு அளவுகோலே போதும். உளியின் கனத்தைப்போல இரண்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வு இருந்தால் 30 டிகிரி. கருவேலம், வேங்கைக்கு அது. தேக்குக்கு இன்னும் கொஞ்சம் நீட்டி, 25 டிகிரிக்கு இறக்கலாம். அரத்தின் வால் பிடிக்குள் போகும். பிடியின் வாயில் பித்தளைப் பூண் போடாவிட்டால் நாலு அடியில் பிளந்துவிடும்.

கேள்வி: இழைப்புளியின் வாயில் சீவல் அடைத்துக்கொண்டே இருக்கிறது. தகடு கூராகத்தான் இருக்கிறது.
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தகட்டையும் அதன் மேல் உட்காரும் மேல்தகட்டையும் சேர்த்து முடுக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தால் சீவல் அங்கே நுழைந்து சிக்குகிறது. மேல்தகட்டின் முன்விளிம்பைத் தீட்டுக்கல்லில் தட்டையாக்குங்கள். அது கூர்முனையிலிருந்து 1 மி.மீ. பின்னால் நிற்க வேண்டும்; கடைசி இழைப்புக்கு அரை மி.மீ. இன்னும் ஒட்டி வைத்தால் தள்ளவே கை வலிக்கும், சீவலும் கசங்கி அடைக்கும். மர இழைப்புளியாக இருந்தால் ஆப்பின் நுனிகளையும் பாருங்கள், அவை சீவலுக்கு வழிமறிக்கும். தகடு அதிகம் இறங்கிவிட்டால் கட்டையின் பின்பக்கத்தில் கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினால் மேலேறும். பிறகு ஆப்பை இறுக்குங்கள்.

கேள்வி: கொட்டாப்புளிக்கு எந்த மரம்?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: கருவேலம், இல்லாவிட்டால் புளிய மரத்தின் வைரம் (நடுவிலுள்ள கெட்டிப் பகுதி). தலை 15 × 9 × 6 செ.மீ. இருந்தால் முக்கால் கிலோவுக்குள் நிற்கும். பிடித்துளையை மேற்பக்கம் சற்று அகலமாகக் குடைந்து, பிடியை மேலிருந்து இறக்குங்கள். ஓங்க ஓங்கத் தலை இறுகிக்கொள்ளும். பச்சை மரத்தில் மட்டும் செய்யாதீர்கள். வெட்டுமுகங்களில் மெழுகு பூசி, நிழலில் குறைந்தது ஒரு வருடம் காயவிட்ட கட்டையாகப் பாருங்கள்.