ஐரோப்பாவுக்கு மரச்சாமான் அனுப்புவோர் கேட்ட கேள்விகள்

காடழிப்பைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த சட்டம் பற்றிப் பட்டறைக்காரர்களும் மர வியாபாரிகளும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சட்டம் கேட்பது மூன்று. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்து மரமாக இருக்கக் கூடாது. வெட்டிய நாட்டின் சட்டப்படி வெட்டியிருக்க வேண்டும். வெட்டிய நிலத்தை வரைபடத்தில் காட்ட வேண்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து: ரப்பர் மரத்தில் சாப்பாட்டு மேஜை செய்து ஜெர்மனிக்கு அனுப்புகிறோம். தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்களே, இப்போதே அலையணுமா சார்?

இரண்டு முறை தள்ளிவிட்டார்கள், உண்மைதான். சட்டம் நடைமுறைக்கு வர இப்போதுள்ள தேதி 2026 டிசம்பர் 30. சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 வரை அவகாசம் உண்டென்று உங்கள் வாடிக்கையாளர் சொல்லக்கூடும். சட்டவிரோதமாக வெட்டிய மரத்தைத் தடுக்க முன்பிருந்த ஐரோப்பிய மரச் சட்டத்துக்கு உட்பட்ட பொருள்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. மர மேஜை அதில் அடக்கம். அறுத்து, மருந்தேற்றி, உலர்த்தி, மேஜையாக்கிக் கப்பலேற்ற எத்தனை மாதம் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இன்று வாங்கும் கட்டையிலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: எங்களுக்கு ஏஜென்ட் மூலமாகப் பல சிறு தோட்டங்களிலிருந்து கட்டை வருகிறது. எது யார் தோட்டத்தது என்று எப்படிப் பிரிப்பது?

ரப்பர் மரத்தில் சிக்கல் முழுக்க இந்த இடத்தில்தான். தேக்கு மாதிரி இதை வெட்டிப் போட்டு வைக்க முடியாது. சில நாளிலேயே நீலம் பாரித்துவிடும், வண்டும் விழும். அதனால் லாரி வந்ததும் இறக்கி, கிடைத்த வரிசையில் அறுத்து, போராக்ஸ் மருந்து ஏற்றும் உருளைக்குள் தள்ளிவிடுகிறார்கள். அந்த அவசரத்தில் எல்லாத் தோட்டத்துக் கட்டையும் ஒன்றாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு காகிதம் தேடினாலும் பிரிக்க முடியாது.

ஒரு நல்ல செய்தி: ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாகத் தோட்டம் காட்டச் சட்டம் சொல்லவில்லை. ஒரு சரக்கில் 12 தோட்டத்து மரம் கலந்திருந்தால் அந்த 12 தோட்டத்தையும் குறிப்பிட்டால் போதும். ஆனால் இடம் தெரியாத மரம் ஒரு கட்டைகூட அதில் சேரக் கூடாது. 12-இல் ஒன்று தவறினாலும் மொத்தச் சரக்கும் நின்றுவிடும்.

ஆகவே கணக்குள்ள மரத்தையும் கணக்கில்லாத மரத்தையும் வேறு வேறு இடத்தில் இறக்குங்கள். கணக்குள்ள கட்டையின் முனையில் லாரியிலிருந்து இறக்கும்போதே ஒரு நிறத்தில் பெயிண்ட் அடியுங்கள். தோட்ட எண், வெட்டிய தேதி, லாரி எண், எடை நான்கையும் ஒரே பதிவேட்டில் எழுதி, மருந்தேற்றும் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு எண் கொடுங்கள். ஏஜென்ட் தோட்டத்தின் இருப்பிடத்தைச் சொல்ல மறுத்தால் அந்த மரத்தை உள்நாட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதில் தயவு பார்க்காதீர்கள்.

இருப்பிடத்தை எப்படிக் குறிப்பது? பட்டா நகல் போதாதா?

போதாது. பட்டா உரிமையைச் சொல்லும். இவர்கள் கேட்பது அட்சரேகை, தீர்க்கரேகை, புள்ளிக்குப் பின் 6 இலக்கத்தோடு. 4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமென்றால் எல்லையைச் சுற்றிக் கோடு வரைந்து தர வேண்டும். அதற்குள் என்றால் ஒரு புள்ளி போதும். குமரி மாவட்டத்துச் சிறு தோட்டக்காரர்களில் பெரும்பாலோர் இதற்குள் அடங்குவார்கள்.

மரம் நிற்கும்போதே தோட்டத்துக்குள் போய்ப் புள்ளி எடுங்கள். உரிமையாளர் வீட்டு வாசலிலோ அறுவை மில்லிலோ எடுத்தது செல்லாது. இன்னொன்று: நம் பக்கத்தில் அட்சரேகை 8-இல் தொடங்கும், தீர்க்கரேகை 77-இல். இரண்டையும் மாற்றி எழுதினால் உங்கள் தோட்டம் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு பக்கத்துக் கடலில் போய் விழும்.

ரப்பர் தோட்டத்தை மொத்தமாக வெட்டுவதே காடழிப்பு ஆகாதா?

ஆகாது. அந்தச் சட்டத்தின்படி ரப்பர் தோட்டம் வேளாண் நிலம், காடு அல்ல. பால் வற்றிய மரத்தை வெட்டி மறுநடவு செய்வதில் தடையில்லை. 2020-க்குப் பிறகு காட்டை அழித்துப் போட்ட தோட்டமென்றால்தான் வில்லங்கம். நம் ஊர்ச் சட்டத்தையும் பாருங்கள். 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ளோ, 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ளோ வரும் நிலமென்றால் வெட்டுவதற்கான அனுமதி ஆவணம் கையில் இருக்க வேண்டும்.

இந்தியா குறைந்த ஆபத்துள்ள நாடு என்று அறிவித்துவிட்டார்களே, பிறகு எதற்கு இத்தனையும்?

2025 மே மாதம் அப்படி அறிவித்தார்கள். அதனால் உங்களிடம் வாங்குபவருக்கு ஆபத்தை மதிப்பிடும் வேலை குறைகிறது, சோதனையும் குறைகிறது. நிலத்தின் இருப்பிடம் கொடுப்பது மட்டும் குறையவில்லை.

சென்னையிலிருந்து: பர்மா தேக்கை இங்கே இழைத்து, செதுக்கிக் கதவாக்கினால் இந்தியப் பொருள்தானே?

இல்லை. மரம் எங்கே வெட்டப்பட்டதோ அதுதான் கணக்கு. பர்மா, அதாவது இன்றைய மியான்மர், அதிக ஆபத்துள்ள நாடுகள் பட்டியலில் ரஷ்யா, பெலாரஸ், வடகொரியாவோடு இருக்கிறது. மியான்மர் அரசு மர நிறுவனத்தின் மீது 2021 முதல் ஐரோப்பியத் தடையும் உள்ளது. ஐரோப்பிய ஆர்டருக்கு அந்தத் தேக்கைத் தொடவே தொடாதீர்கள். அங்கே அழிவது திரும்ப வராத காடு. ஆர்டர் போனாலும் பரவாயில்லை என்றே சொல்வேன்.

காரைக்குடியிலிருந்து: இடித்த வீடுகளின் பழைய தூண், உத்திரம்? அதுவும் பர்மா தேக்குதானே அண்ணே?

அதற்கு வழி உண்டு. பயன்பாடு முடிந்து, கழிவாகப் போக வேண்டிய மரத்திலேயே முழுக்கச் செய்த பொருளுக்கு விலக்கு இருக்கிறது. இடித்த வீட்டின் படங்கள், வாங்கிய ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். கால் உளுத்துப்போனது என்று புதுக் கட்டை வைத்து ஒட்டினால் அந்தப் புதுக் கட்டைக்கு இருப்பிடம் காட்ட வேண்டும்.

ஒட்டுப்பலகை? பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டு மரம் என்று தரும் எஃப்எஸ்சி சான்றிதழ் இருந்தால் போதுமா?

ஒட்டுப்பலகையில் முகப்புத் தகடு ஒரு நாட்டிலிருந்தும் உள்தகடு வேறொரு தோட்டத்திலிருந்தும் வரும். அத்தனைக்கும் இருப்பிடம் வேண்டும். எஃப்எஸ்சி சான்றிதழ் நம்பிக்கைக்கு உதவும், அதுவே அனுமதிச்சீட்டு ஆகாது.

குலசேகரத்திலிருந்து ஒரு விவசாயி: எனக்கு 2 ஏக்கர் ரப்பர். மரம் எடுக்க வருபவர் பட்டாவும் ஆதாரும் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பட்டா நகல் கொடுங்கள், எதற்காக என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்திட்டு. ஆதாரைச் சட்டம் கேட்கவில்லை. உங்கள் பெயரும் முகவரியும் போதும். புள்ளி எடுக்கும்போது கூடவே நில்லுங்கள், அந்த எண்ணை நீங்களும் எழுதி வையுங்கள். அடுத்த வியாபாரி வந்தாலும் அது உங்கள் கையில் இருக்கும். இருப்பிடம் தெரிந்த மரம் இன்று ஏற்றுமதிக்காரருக்கு அவசியம், விலை பேசும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள்.