பழைய கார் கொதிக்கிறதா? எப்போது கொதிக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. "வண்டி ஹீட் ஆகிறது, என்ன மாற்றலாம்?" என்று யார் கேட்டாலும், எப்போது ஹீட் ஆகிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். நிற்கும்போதா, ஓடும்போதா, மலை ஏறும்போதா? இதைக் கவனிக்காமல் பாகங்களை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் பணம்தான் போகும்.

கேள்வி (மதுரை): ஐயா, என்னுடையது 1974 மார்க் 2 அம்பாசடர், பெட்ரோல். ஊருக்குள் பிரச்சினை இல்லை. நான்கு வழிச் சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். அப்படியும் சரியாகவில்லை.

பதில்: சரியாகாதுதான். தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடும் வால்வு. 82 டிகிரி என்று பொறித்த தெர்மோஸ்டாட் நல்ல நிலையில் இருந்தால், முள் சிவப்பை நெருங்கும் முன்பே முழுதாகத் திறந்திருக்கும். அதைக் கழற்றினால் சூடு கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். குளிர்ந்த என்ஜினில் நீண்ட நேரம் ஓட்டுவதால் ஆயிலில் கசடு சேரும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். புதிதாக ஒன்று வாங்கி, பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். திறக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு மாட்டுங்கள்.

வேகமாக ஓடும்போது காற்றுக்குக் குறைவில்லை. அதனால் சந்தேகம் தண்ணீர் ஓட்டத்தின் மேல் போக வேண்டும். முதலில் ரேடியேட்டர். வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டரின் குழாய்கள் இருக்கும் நடுப்பகுதியான கோர் முழுவதும் ஒவ்வொரு இடமாக அளந்து பாருங்கள். (கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினோமே, அது உதவாது. உடல் சூட்டைத் தாண்டி அது காட்டாது.) மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டாக ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. பல வருடம் போர் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் இது சகஜம். ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்து, கம்பி விட்டுச் சுத்தம் செய்வார்கள். கோர் மிக மோசமாக இருந்தால் புதிதாகப் போடுவதே மேல்.

அடுத்தது கீழ் ஹோஸ். வாட்டர் பம்ப் தண்ணீரை உறிஞ்சும் பக்கம் அது. ரப்பர் தளர்ந்து, உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங்கும் இல்லை என்றால், வேகத்தில் ஹோஸ் சப்பி ஒட்டிக்கொள்ளும். நின்ற வண்டியில் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். ஒருவரை ஆக்சிலரேட்டர் மிதிக்கச் சொல்லிவிட்டு, ஃபேனுக்குக் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு ஹோஸைப் பாருங்கள்.

மூன்றாவது இடத்தைப் பலர் தொடுவதே இல்லை. இந்த 1489 சிசி என்ஜினில் பம்ப் முன்னால் இருப்பதால், துருவும் சேறும் கடைசி சிலிண்டரைச் சுற்றிப் படியும். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் பின்பக்கம் இருக்கும் வடிகால் குழாயைத் திறங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் குழாயையே கழற்றி, கம்பியால் குத்திக் கிளறுங்கள். கெட்டிச் சேறு வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். புது ரேடியேட்டர் போடுவதாக இருந்தாலும் இதை முடித்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் அந்தச் சேறு புதுக் கோரைப் போய் அடைக்கும்.

கேள்வி (சென்னை): சார், 1978 பத்மினி. சிக்னலில் நின்றால்தான் சூடு, நகர்ந்தால் இறங்கிவிடுகிறது. எலெக்ட்ரிக் ஃபேன் போட்டுவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இது காற்றுப் பிரச்சினை. ஃபேன் பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 12 மில்லிமீட்டர் இறங்கலாம். அதற்கு மேல் என்றால் தளர்வு. ரேடியேட்டர் முகத்தில் பூச்சியும் தூசியும் அடைத்திருந்தால் என்ஜின் பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அப்புறம் இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும் நேரம். அது பின்தங்கியிருந்தால் எரிந்து முடியாத நெருப்பே எக்ஸாஸ்ட் வழியாகப் போகும், என்ஜினின் மேல் மூடியான ஹெட் சூடாகும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாய் இருந்தால் அதைக் கார்பரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்துப் பாருங்கள். பிடித்து நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது.

பேட்டரியைச் சார்ஜ் செய்ய பழைய ரக டைனமோ உள்ள வண்டியில் எலெக்ட்ரிக் ஃபேனை நான் சொல்ல மாட்டேன். ஐட்லிங்கில் டைனமோ சார்ஜ் கொடுப்பதே அரிது. அந்த நேரத்தில்தான் ஃபேனும் கரண்ட் கேட்கும்.

கேள்வி (ஈரோடு): அண்ணா, சமவெளியில் நன்றாக ஓடும் அம்பாசடர் ஊட்டி போகும்போது மட்டும் கொதித்து ஊற்றுகிறது. ஏன்?

பதில்: தம்பி, ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியில் 7 என்று இருந்தால் அது 7 பவுண்டு அழுத்தம் தாங்கும், அந்த உயரத்திலும் கொதிநிலை 106 டிகிரிக்குப் போகும். ஸ்பிரிங் தளர்ந்து ரப்பர் காய்ந்துபோன மூடி இதைத் தராது. பழைய கோருக்கு 7 போதும். 13, 15 என்று வாங்கிப் போட்டால் பற்றவைத்த இடங்கள் விட்டுப்போகும்.

ஓட்டும் விதமும் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் மேல் கியரிலேயே திணற விடாதீர்கள். என்ஜின் மெதுவாகச் சுற்றினால் பம்பும் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும், சுமையோ முழுச்சுமை. இரண்டாவது கியருக்கு இறக்குங்கள். கொதித்தே விட்டால் ஓரமாக நிறுத்தி, முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். முகம் வெந்து போகும். சுடும் பிளாக்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழும்.

கேள்வி (திருச்சி): மதிய வெயிலில் வண்டி நின்றுவிடுகிறது. சூடு முள் நடுவில்தான் இருக்கிறது. பெட்ரோல் பம்பில் ஈரத்துணி போட்டால் கிளம்பிவிடுகிறது.

பதில்: இது என்ஜின் கொதிப்பு இல்லை, பெட்ரோல் கொதிப்பு. பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தை அடைக்கிறது. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் இது கூடும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய அளவில் வைத்த கார்பரேட்டரில் கலவை மெலிந்துவிடும், அதுவும் சூட்டைக் கூட்டும். ஸ்பார்க் பிளக் வெளிறி வெள்ளையாக இருந்தால் கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்கள். பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். பெட்ரோல் ஒழுகினால் தீப்பிடிக்கும், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (புதுச்சேரி): டெம்பரேச்சர் முள், பெட்ரோல் முள் இரண்டும் சேர்ந்தே மேலே போய் நிற்கின்றன.

பதில்: என்ஜினைத் தொடாதீர்கள். மீட்டர்களுக்கு 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் போயிருக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெட்டி அது.

கேள்வி (கோவை): ஃபோக்ஸ்வேகன் பீட்டில். தண்ணீரே இல்லாத வண்டிக்கு என்ன பார்ப்பது?

பதில்: என்ஜினைச் சுற்றியுள்ள தகரங்களும் ரப்பர் சீலும் எல்லாம் இருக்கின்றனவா? ஒன்று விட்டுப்போனாலும் கீழிருந்து எக்ஸாஸ்ட் சூடு மேலே வந்து, ஃபேன் அதையே உறிஞ்சும். ஆயில் மொத்தமே இரண்டரை லிட்டர்தான், அளவை அடிக்கடி பாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): சார், அப்பா ஆசையாக வைத்திருந்த ஃபியட். அவர் போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன். கிளப்பிய ஐந்து நிமிடத்தில் கொதிக்கிறது, தண்ணீர் குறைகிறது, வெளியே ஒழுகல் எதுவும் இல்லை.

பதில்: அம்மா, இனி அதைக் கிளப்பி ஓட்டாதீர்கள். காலையில் குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பாருங்கள். தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் பால் ஆடை போல இருக்கிறதா என்றும் பாருங்கள். "இன்னும் ஆறு கிலோமீட்டர்தானே" என்று கொதிக்கிற வண்டியை ஓட்டி என் ஹெட்டை நான் வளைத்திருக்கிறேன். அந்த ஆறு கிலோமீட்டர் எனக்கு இரண்டு மாதத்தைத் தின்றது.

கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள். ஹெட்டின் மேல் நேரான இரும்புப் பட்டையை வைத்து வளைவு பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் ஃபேசிங், அதாவது சமமாகச் சீவுதல், செய்ய வேண்டும். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்ச் வைத்துப் படிப்படியாக முறுக்கச் சொல்லுங்கள். பிறகு போர் தண்ணீர் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரோடு மூன்றில் ஒரு பங்கு பச்சை ரக கூலண்ட் ஊற்றுங்கள். ஹெட்டைக் கழற்றும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். கேஸ்கட் எந்த இரண்டு சிலிண்டருக்கு நடுவில் எரிந்திருக்கிறது என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.