பதில்: 'சொனிடுஸ்' ஏன் 'சொனிடீ' ஆகாது?

லத்தீனில் 'ஒலி' என்று பொருள்படும் 'சொனுஸ்' ஆறாம் வேற்றுமையில் 'சொனீ' ஆகிறதே, அதே பொருளுள்ள 'சொனிடுஸ்' மட்டும் ஏன் 'சொனிடீ' ஆகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஆண்பால், இரண்டுக்கும் முடிவு 'உஸ்'. ஆனால் வாய்ப்பாடு (பெயர் வேற்றுமைக்கேற்ப முடிவு மாறும் முறை) வேறு. 'சொனுஸ்' இரண்டாம் வாய்ப்பாடு, 'சொனிடுஸ்' நான்காம் வாய்ப்பாடு.

எழுவாயில் 'சொனிடுஸ்', குறில். ஆறாம் வேற்றுமையில் 'சொனிடூஸ்', நெடில். பன்மை எழுவாயும் 'சொனிடூஸ்'தான். உங்கள் பாடநூலில் நெடில் கோடு போடாவிட்டால் மூன்றும் ஒரே எழுத்தில் நிற்கும், குழப்பம் அங்கேதான். வினை ஒருமையா பன்மையா என்று முதலில் பாருங்கள். அகராதியில் பெயரை அடுத்து வரும் ஆறாம் வேற்றுமை வடிவத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

ரோமானியக் கவிஞர் வெர்ஜில் குதிரைக் குளம்பொலியைச் சொல்லும் அடியில் 'சொனிடூ' வருகிறது. அது நீங்கல் வேற்றுமை, 'ஓசையோடு' என்று பொருள். இரண்டாம் வாய்ப்பாடாக இருந்தால் 'சொனிடோ' என்று வந்திருக்கும்.

பிறப்பும் இதைத்தான் காட்டுகிறது. 'சொனாரே' (ஒலித்தல்) என்ற வினையோடு 'துஸ்' விகுதி சேர்ந்த தொழிற்பெயர் 'சொனிடுஸ்'. இப்படிப் பிறக்கும் தொழிற்பெயர்கள் நான்காம் வாய்ப்பாட்டில்தான் அடங்கும். 'சொனுஸ்' அந்த விகுதி இல்லாமல் நேரே வேரிலிருந்து வந்தது. சமஸ்கிருத 'ஸ்வன' இதே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளை. அங்கே தங்கிய வகரம் லத்தீனில் மறைந்துவிட்டது.

இன்னொன்று: 'சொனாரே'யின் இறந்தகாலம் 'சொனுயீ'. 'அமாரே' (நேசித்தல்) 'அமாவீ' ஆவது போல 'சொனாவீ' என்று எழுதிவிடாதீர்கள்.