வீட்டில் ஆண் மோதிரம்: ஒட்டு ஏன் விட்டுப்போகிறது?

கேள்வி: கம்பி வளைத்துக் காதணி செய்யப் பழகியிருக்கிறேன். அண்ணனுக்கு வெள்ளியில் கொஞ்சம் கனமான மோதிரம் ஒன்று என் கையால் செய்து தர ஆசை. ஒத்திகைக்காகச் செம்பில் மூன்று முறை முயன்றேன். முதல் முறை ஒட்டவே இல்லை. இரண்டாவது முறை பற்றாசு (ஒட்டுவதற்கு உருக்கும் உலோகம்) உருண்டு ஒரு பக்கமாகவே ஏறிக்கொண்டது. மூன்றாவது அழகாக ஒட்டியது, ஆனால் அண்ணன் விரலில் நுழையவில்லை. என்னிடம் இருப்பது கையடக்க பியூட்டேன் டார்ச். பெரிதாக வாங்க வேண்டுமா?

பதில்: டார்ச்சை அப்புறம் பார்ப்போம். நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு தோல்விகள் தீ மூட்டும் முன்பே நடந்து முடிந்தவை என்றுதான் எனக்குப் படுகிறது. பழகுபவர்களுக்கான செய்முறைகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் மெல்லிய வளையம் செய்வதற்கு எழுதப்பட்டவை, அதையே பெரிதாக்கினால் ஆண் மோதிரம் வந்துவிடும் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். வராது. கனம் கூடியதும் அளவுக் கணக்கு, வளைக்கும் விதம், சூடு பிடிக்கும் நேரம் எல்லாமே மாறிவிடும்.

விரலில் நுழையாததிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது வெறும் கணக்குப் பிழை. விரலின் சுற்றளவை அளந்து அதே நீளத்துக்குத் தகட்டை வெட்டியிருப்பீர்கள். தகட்டை வளைக்கும்போது உள்பக்கம் ஒடுங்கும், வெளிப்பக்கம் நீளும், நாம் வெட்டிய நீளம் நடுக்கனத்தில்தான் நிற்கும். அதனால் உள்விட்டத்தோடு கனத்தைக் கூட்டி, அதை 3.14 ஆல் பெருக்க வேண்டும். உள்விட்டம் 20 மி.மீ., கனம் 1.8 மி.மீ. என்றால் 21.8 × 3.14, அதாவது ஏறத்தாழ 68.5 மி.மீ. கனத்தை மறந்திருந்தால் 62.8 தான் வெட்டியிருப்பீர்கள். விட்டத்தில் 1.8 மி.மீ. போய்விட்டது. அமெரிக்க மோதிர அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் விட்டத்தில் சுமார் 0.8 மி.மீ. தான் வித்தியாசம், ஆக இரண்டு அளவுக்கும் மேலே குறைந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தகட்டில் இதே பிழை ஒரு அளவு சொச்சத்தோடு போயிருக்கும், சமாளித்திருப்பீர்கள்.

விரலை அளப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. ஆண்களில் பலருக்கு விரலின் அடியைவிடக் கணு பருத்திருக்கும். மோதிரம் தாண்ட வேண்டியது கணுவை, உட்கார வேண்டியது அடியில். இரண்டையும் அளந்து, கணுவைச் சற்றே உரசிக்கொண்டு தாண்டும் அளவை எடுங்கள். மோதிரம் எவ்வளவு அகலமோ அதே அகலத்தில் காகிதப் பட்டை வெட்டிச் சுற்றி அளக்க வேண்டும், நூலால் அளக்கக் கூடாது, அகலமான மோதிரம் அதே அளவிலுள்ள மெல்லிய மோதிரத்தைவிட இறுக்கமாகத் தெரியும். குளிரில் விரல் சுருங்கும், வெயிலில் வீங்கும். வேறு வேறு நேரத்தில் இரண்டு மூன்று தடவை அளந்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் துளி சின்னதாகவே செய்யுங்கள். சின்னதைத் தட்டி விரிக்கலாம், பெரியதை அறுத்துத்தான் ஆக வேண்டும்.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாக. பழக செம்பு நல்லது. பித்தளையில் துத்தநாகம் இருக்கிறது, சூடு மிஞ்சினால் புகையும், மூச்சுக்கு ஆகாது. நாக முலாம் பூசிய கம்பியைத் தீயிடமே கொண்டுபோகாதீர்கள். 'ஜெர்மன் சில்வர்' என்று விற்பதில் வெள்ளியே கிடையாது, அதிலுள்ள நிக்கல் சிலர் தோலுக்குச் சேராது. மோதிரத்துக்கு 92.5 வெள்ளிதான் சரி, மீதி 7.5 பெரும்பாலும் செம்பு. டைட்டானியம், டங்ஸ்டன் எல்லாம் வீட்டு வேலை இல்லை.

இப்போது ஒட்டு. இங்கேதான் நீங்கள் பொறுமையாக உட்கார வேண்டும். தகட்டை முதலில் காய்ச்சி இளக்குங்கள்: விளக்கைக் குறைத்த அறையில் மங்கலான சிவப்பு தெரியும் வரை, அவ்வளவுதான். சிவப்பு மறைந்ததும் தண்ணீரில் போட்டுவிடலாம். 1.8 மி.மீ. தகட்டை இளக்காமல் வளைக்கப் போனால் நீங்கள் அதோடு மல்லுக்கட்டுவீர்கள், முனைகள் மட்டும் நேராகவே நிற்கும். அதனால் முனைகளை முதலில் வளையுங்கள், நடுவை அப்புறம். வட்டமாக வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், இப்போதைக்கு முட்டை வடிவமோ ஒரு பக்கம் தட்டையாகவோ இருக்கட்டும். நமக்கு வேண்டியது இரண்டு முனைகளும் முழு முகமாக ஒன்றையொன்று தொடுவது மட்டும். முனைகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கடந்துபோகும்படி ஒருமுறை அழுத்தி, பிறகு இழுத்து நேருக்கு நேர் கொண்டுவந்தால் அவை விலகப் பார்க்காமல் தாமாகவே அழுத்திக்கொண்டு நிற்கும்.

நின்றதும் விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் தொட்டுக்கொண்டு வெளிப்பக்கம் ஆங்கில 'வி' மாதிரி திறந்திருக்கும், கனமான தகட்டில் அநேகமாக இப்படித்தான். அரத்தால் ஒவ்வொரு முனையாகத் தேய்த்துச் சரிபண்ணப் பார்த்தால் விடியும் வரை தேய்க்கலாம். அதற்கு ஒரு குறுக்கு வழி: முனைகளைச் சேர்த்துப் பிடித்து, அந்த இடுக்கு வழியாகவே ரம்பத்தை ஒருமுறை ஓட்டுங்கள். ஒரே வெட்டில் இரண்டு முகமும் சீவப்படுவதால் அவை ஒன்றுக்கொன்று இணையாகிவிடும். மறுபடி அழுத்திச் சேருங்கள், மறுபடி விளக்கில் பாருங்கள், வெளிச்சக் கீற்று தெரிந்தால் இன்னொரு முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு வெட்டும் அலகின் கனத்தளவு நீளத்தைத் தின்னும், அதனால் ஆரம்பத்திலேயே அரை மில்லிமீட்டர் கூட்டி வெட்டிக்கொள்வது என் வழக்கம். பற்றாசு இடைவெளியை நிரப்பும் மாவு இல்லை. மயிரிழை இடுக்கில்தான் அது ஓடும். உங்கள் முதல் முயற்சி ஒட்டாமல் போனதற்கு இதுவோ, விரல் எண்ணெயோ காரணமாக இருக்கலாம். மின்னணுச் சாமான்களுக்கு வைக்கும் ஈய, வெள்ளீயப் பற்றாசைப் பயன்படுத்தியிருந்தால் அதை இந்த வேலையிலிருந்தே விலக்கிவிடுங்கள், அது வெள்ளியில் பட்டு மறுபடி சூடேறினால் உலோகத்தை அரித்துக் குழியாக்கும். வேண்டியது வெள்ளிப் பற்றாசு, பட்டறைக்காரர்கள் பொடி என்பது. காட்மியம் கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது தோல்வி, அதாவது ஒரு பக்கமாக ஏறியது, சுத்தமாகச் சூட்டு விவகாரம். பற்றாசு சூடு இருக்கும் பக்கம்தான் ஓடும், நாம் வைத்த பக்கம் அல்ல. ஒட்டையே குறிவைத்துச் சுடரைக் காட்டியிருப்பீர்கள், ஒரு முனை முந்திக்கொண்டிருக்கும். செம்பும் வெள்ளியும் சூட்டை நிற்க விடாமல் கடத்திவிடும் உலோகங்கள், மோதிரம் முழுவதும் சூடாகாமல் ஒட்டு மட்டும் சூடாகாது. பற்றாசு ஓட உதவும் வெங்காரத்தை (போராக்ஸ்) குழைத்துத் தடவி, மெதுவாகச் சூடுகாட்டுங்கள். முதலில் அது வெள்ளையாகப் பொங்கிப் பற்றாசுத் துண்டைத் தள்ளிவிடும். சுடரை விலக்கி, சாமணத்தால் துண்டைத் திரும்ப இடத்தில் வைத்துவிட்டுத் தொடருங்கள். பொங்கல் அடங்கிக் கண்ணாடி மாதிரி பளபளத்ததும் சுடரை ஒட்டுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய் அங்கிருந்து சுற்றிச் சுற்றி வாருங்கள், கடைசிச் சில விநாடிகள் மட்டும் ஒட்டின் மேல். இடுக்கில் வெள்ளிக் கோடு ஒன்று சரேலென ஓடும். அதைப் பார்த்த கணமே சுடரை எடுத்துவிடுங்கள். 92.5 வெள்ளி 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகத் தொடங்கிவிடும், வெள்ளிப் பற்றாசு ஓடுவது அதற்குச் சற்றுக் கீழேதான். மோதிரத்தின் மேல்பரப்பு தண்ணீர் பட்டதுபோல் மினுங்கத் தொடங்கினால் நீங்கள் எல்லையில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, டார்ச்சுக்கு வருவோம். 6 மி.மீ. அகலம், 1.8 மி.மீ. கனம், 20 மி.மீ. உள்விட்டம் கொண்ட வெள்ளி மோதிரம் எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். உங்கள் டார்ச் போதும், ஆனால் மோதிரத்தைத் திறந்தவெளியில் வைத்துச் சுடாதீர்கள். தீச்செங்கல்லை அடியிலும் பின்னாலும் பக்கங்களிலும் வைத்துச் சின்ன அடுப்பு மாதிரி கட்டினால் சூடு திரும்பி வரும். அதே மோதிரம் 10 மி.மீ. அகலம், 2.5 மி.மீ. கனம் என்றால் 18 கிராமைத் தொடும், அதற்கு இந்த டார்ச் திணறும். சூடேற நேரமாக ஆக வெங்காரம் தீய்ந்து போய், பற்றாசும் ஓட மறுக்கும். முதல் மோதிரத்துக்கு அந்தக் கனம் வேண்டாமே.

ஒட்டியதும் வெந்நீரில் சிட்ரிக் அமிலம் கரைத்து அதில் போட்டால் கறுப்பும் வெங்காரக் கண்ணாடியும் கழன்றுவிடும். இரும்புச் சாமணத்தை அதற்குள் விடாதீர்கள். நான் ஒருமுறை அவசரத்தில் விட்டேன், கரைசலில் இருந்த செம்பு படிந்து வெள்ளி மோதிரம் ரோஜா நிறத்தில் வெளியே வந்தது. தேய்த்தெடுக்க ஒரு மாலை போயிற்று. செம்பு அல்லது பிளாஸ்டிக் இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் வட்டம். கூம்பாக மெலியும் இரும்புத் தடியில் மாட்டி, மரச் சுத்தியலாலோ நைலான் சுத்தியலாலோ தட்டுங்கள், இரும்புச் சுத்தியல் தழும்பு போடும். நாலு தட்டுக்கு ஒருமுறை மோதிரத்தைத் திருப்பி மாட்டாவிட்டால் ஒரு வாய் பெரிதாகிவிடும். உள்விளிம்பு இரண்டையும் அரைவட்ட அரத்தால் உருட்டிவிடுங்கள், கனமான மோதிரத்தில் இது அலங்காரம் இல்லை, இல்லாவிட்டால் விரலை அறுக்கும். மேல்பக்கத்துக்கு 240, 400, 600 என்று உப்புத்தாள் போதும். கண்ணாடிப் பளபளப்பு ஆண்கள் கையில் நிற்காது என்பது என் அபிப்பிராயம், மங்கலான மெருகு கீறலை மறைக்கும். மெருகு மோட்டார் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு அதன் பக்கம் போகாதீர்கள், துணியைப் பிடித்து விரலையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, ஜன்னல் திறந்த அறை, இரண்டும் ஆரம்பம் முதலே இருக்கட்டும்.

அந்த நுழையாத மூன்றாவது மோதிரத்தைத் தூக்கிப் போடாதீர்கள். இளக்கி, தடியில் மாட்டி, தட்டி விரித்துப் பாருங்கள். அண்ணன் விரல் அளவுக்கு வராது, ஆனால் ஒட்டு உள்ளே வரைக்கும் பிடித்திருக்கிறதா, மேலோடு மட்டும் மூடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அரை அளவு விரிந்தும் பிளக்காமல் நின்றால், வெள்ளியை வெட்டலாம்.