‘போர்டு’ என்றால் எந்தப் போர்டு?

கேள்வி (கல்லூரி மாணவி, திண்டுக்கல்): அம்மா, பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் ‘போர்டிங் அண்டு லாட்ஜிங்’ என்று எழுதியிருக்கிறது. விமானத்தில் ஏற ‘போர்டிங் பாஸ்’ கேட்கிறார்கள். கரண்ட் பில் கட்டுவது ‘எலெக்ட்ரிசிட்டி போர்டு’க்கு. கடை வாசலில் மாட்டுவதும் போர்டு. அகராதியைத் திறந்தால் அர்த்தம் போய்க்கொண்டே இருக்கிறது. இதையெல்லாம் எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: மனப்பாடமே வேண்டாம். அகராதியைப் பார்த்து மிரளும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். மிரள இதில் ஒன்றுமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பலகை என்று பொருள். சாப்பாட்டு மேஜைக்கும் அதே பெயர், கப்பலின் பக்கச் சுவருக்கும் அதே பெயர். நீங்கள் கேட்ட அத்தனையும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். கடை வாசலில் தொங்குவது அசல் பலகை, அதை விட்டுவிடலாம்.

மேஜையை எடுத்துக்கொள்ளுங்கள். இடைக்கால இங்கிலாந்தின் பெரிய வீட்டுக் கூடங்களில் பெரும்பாலும் சாப்பாட்டு மேஜை என்று நிரந்தரமாக ஒன்று நிற்காது. சாப்பாட்டு வேளைக்கு மரத்தாங்கிகளை நிறுத்தி, மேலே நீளமான பலகையைப் போடுவார்கள். சாப்பிட்டு எழுந்ததும் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டால் கூடம் மறுபடி காலி. அந்தப் பலகையின் பெயர் நாளடைவில் அதில் பரிமாறிய சாப்பாட்டுக்கும் வந்துவிட்டது. ஆக, உங்கள் ஊர் லாட்ஜில் ‘போர்டிங்’ என்பது சாப்பாடு, ‘லாட்ஜிங்’ என்பது தங்கும் இடம். போர்டிங் ஸ்கூலும் சாப்பாடு போட்டுத் தங்கவைக்கும் பள்ளிக்கூடம்தான். ஆங்கிலச் சட்டத்தில் ‘பெட் அண்டு போர்டு’ பிரிவு என்று ஒன்று இருந்தது. கணவனும் மனைவியும் படுக்கையையும் சாப்பாட்டையும் தனித்தனியாக்கிக்கொள்ளலாம், ஆனால் கல்யாணம் ரத்தாகாது, மறுமணமும் கிடையாது.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கிறவர்களுக்கும் அந்த மேஜையின் பெயரே ஒட்டிக்கொண்டது. டைரக்டர்கள் போர்டு, மின்சார போர்டு, நீங்கள் பிளஸ் டூவில் எழுதிய போர்டு எக்ஸாம் எல்லாமே இந்த வகை.

கப்பல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தப் பாடம் வந்தாலே கரும்பலகையில் ஒரு கப்பல் வரைந்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். ‘ஆன் போர்டு’ என்றால் கப்பலின் பக்கப்பலகையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார் என்று பொருள். கப்பல்காரர்களின் இந்தப் பேச்சு ரயிலுக்குப் போய், விமானத்துக்கும் போனது. அப்படி வந்ததுதான் போர்டிங் பாஸ்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பின்புறம் நடுவில் சுக்கான் வைக்கும் வழக்கம் வருவதற்கு முன்னால், வட ஐரோப்பாவில் கப்பலின் வலப்பக்கம் ஒரு பெரிய துடுப்பைப் பொருத்தி அதனால்தான் கப்பலைத் திருப்பினார்கள். ‘ஸ்டியர்’ செய்கிற பக்கம் என்பதால் அது ஸ்டார்போர்டு ஆனது. துறையில் நிறுத்தும்போது அந்தத் துடுப்பு இடிபடக்கூடாதே, அதனால் இடப்பக்கத்தைக் கரையோடு ஒட்டி நிறுத்துவார்கள். அந்தப் பக்கத்துக்கு லார்போர்டு என்று பெயர். புயலடிக்கும்போது ஒருவர் ‘ஸ்டார்போர்டு’ என்றும் அடுத்த நிமிடம் ‘லார்போர்டு’ என்றும் கத்தினால் சுக்கான் பிடிப்பவர் காதில் எது விழும்? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், புரியும். 1844இல் பிரிட்டிஷ் கடற்படை, லார்போர்டை விட்டுவிட்டு ‘போர்ட்’ என்றே சொல்லவேண்டும் என்று உத்தரவு போட்டது. 1846இல் அமெரிக்கக் கடற்படையும் அதையே செய்தது. இந்தப் ‘போர்ட்’ வேறு சொல், நம் போர்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்): எங்கள் மேனேஜர் ஒரு மெயிலில், கொள்முதல் கணக்கு எல்லாம் ‘அபவ் போர்டு’ என்று எழுதியிருந்தார். விஷயம் டைரக்டர்கள் போர்டுக்கும் மேலே போய்விட்டதோ என்று ஆபீஸில் எல்லோரும் பதறிவிட்டோம்.

பதில்: பதறவேண்டாம். ஒளிவுமறைவு எதுவும் இல்லை என்கிறார், நல்ல சேதிதான். இங்கே போர்டு என்பது சீட்டாடும் மேஜை. இரண்டு கையும் மேஜைக்கு மேலே எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால் சீட்டை மாற்றமுடியாது. கை மேஜைக்கு அடியில் போனால்தான் சந்தேகம். ‘ஸ்வீப் தி போர்டு’ என்பதும் அதே மேஜைதான். பந்தயத்தில் வைத்த பணம் மொத்தத்தையும் ஒரே ஆள் வாரிக்கொள்வது. ஒருவரே எல்லாப் பரிசையும் அள்ளிக்கொண்டு போனால் இன்றைக்கும் இப்படிச் சொல்லலாம்.

‘அக்ராஸ் தி போர்டு’ மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் பந்தய விகிதங்களைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். ஒரே குதிரை முதலாவதாக வரும், முதல் இரண்டுக்குள் வரும், முதல் மூன்றுக்குள் வரும் என்று மூன்றுக்கும் சமமாகப் பணம் கட்டுவதற்கு அந்தப் பெயர். அதிலிருந்துதான் ‘எல்லோருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரேமாதிரி’ என்ற பொருள் வந்தது. சம்பள உயர்வு ‘அக்ராஸ் தி போர்டு’ என்று ஒரு மெயில் வந்தால் உங்களுக்கும் உண்டு என்று அர்த்தம்.

கேள்வி (இல்லத்தரசி, பாளையங்கோட்டை): ‘கோ ஓவர்போர்டு’, ‘கோ பை தி போர்டு’ இரண்டும் ஒன்றா? அப்புறம், நான் ‘கப்போர்டு’ என்று சொன்னால் என் மகள் திருத்துகிறாள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டும் கப்பலிலிருந்து கடலில் விழுவதுதான். ஆனால் விழுவது வேறு வேறு. புயலில் பாய்மரம் முறிந்து பக்கவாட்டில் கடலுக்குள் போய்விட்டால் அது ‘பை தி போர்டு’. தினமும் நடக்கப்போகும் பழக்கம் மழைக்காலத்தோடு நின்றுபோனால் இதைச் சொல்லலாம். ‘ஓவர்போர்டு’ என்பது ஆசையில் அளவு மீறுவது. பத்துப் பேர் வரும் பிறந்தநாளுக்கு ஐம்பது பேருக்குப் பிரியாணி சொல்வது அந்த ரகம்.

ஆங்கிலத்தில் பேசும்போது உங்கள் மகள் சொல்வதுதான் சரி. ‘ப்’ ஒலி விழுந்துபோய் ‘கபர்ட்’ என்றே உச்சரிக்கிறார்கள். முதலில் அது கோப்பைகளை வைக்கும் வெறும் பலகைதான், கதவெல்லாம் பிற்பாடு வந்தது. ஆனால் தமிழில் பேசும்போது கப்போர்டு என்றே தாராளமாகச் சொல்லுங்கள். தச்சரும் அப்படித்தான் சொல்வார், அவரிடம் போய்க் ‘கபர்ட்’ என்றால் இன்னொருமுறை சொல்லச் சொல்வார்.