மூன்று புலிகள் நான்கானால்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பொறியியல் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மென்பொருள் பொறியியல் நடத்துகிறேன். வரையறைகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடுகிறார்கள். மினி புராஜெக்ட் என்றால் ஆண்டுதோறும் அதே நூலக மேலாண்மை, அதே பேருந்து முன்பதிவு. இவ்வாண்டு ஒரு கணினி விளையாட்டை வடிவமைக்கச் சொல்லலாமா என்று எண்ணுகிறேன். துறைத்தலைவரோ, "பிள்ளைகள் எப்போதும் விளையாடிக்கொண்டுதானே இருக்கிறார்கள், லேபிலும் அதுதானா?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
– உதவிப் பேராசிரியர், தாம்பரம்

பதில்: மாணவர்கள் ஆர்வத்தோடு வருவார்கள் என்பது மட்டுமே உங்கள் காரணமாக இருந்தால், துறைத்தலைவர் பக்கமே நானும் நிற்பேன், அந்த ஆர்வம் மூன்றாவது வாரத்தில் வற்றிவிடும். 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பு கூட்டிய மாநாட்டிலிருந்துதான் மென்பொருள் பொறியியல் என்ற பெயரே பரவியது. குறித்த காலத்தில் முடியாத, கேட்டவரின் தேவைக்குப் பொருந்தாத மென்பொருள்களைப் பற்றிய கவலையில் பிறந்த பாடம் இது. நூலக மேலாண்மை புராஜெக்டில் அந்தக் கவலை மாணவரை எட்டிப் பார்ப்பதேயில்லை, ஏனெனில் அதன் நிரல் புராஜெக்ட் சென்டரில் தயாராகக் கிடைக்கிறது, மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று முதலில் எழுத வேண்டிய தேவை ஆவணம் நிரலுக்குப் பின் எழுதப்படுகிறது, வைவா என்னும் வாய்மொழித் தேர்வு முடிந்தபின் அதை எவரும் இயக்கிப் பார்ப்பதில்லை.

நானாக இருந்தால் ஆடுபுலி ஆட்டத்தைக் கொடுப்பேன். மூன்று புலி, பதினைந்து ஆடு, கோடுகள் சந்திக்கும் 23 புள்ளிகள் என்பது வரை பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். பதினைந்து ஆடுகளையும் வைத்து முடிப்பதற்குள் ஓர் ஆட்டை நகர்த்தலாமா, வெட்ட வாய்ப்பிருந்தால் புலி வெட்டியே ஆக வேண்டுமா, எத்தனை ஆடு போனால் ஆட்டம் முடிந்தது என்று கேட்கத் தொடங்கினால் பாட்டி ஒன்று சொல்வார், சித்தப்பா வேறொன்று சொல்வார். ஒவ்வொரு குழுவும் குறைந்தது இரண்டு பெரியவர்களிடம் கேட்டு, முரண்படும் இடங்களைக் குறித்து, எந்த விதியை ஏன் ஏற்றோம் என்று எழுதட்டும். தேவைகளைத் திரட்டுவது என்று புத்தகம் சொல்வது இதைத்தான். ஆடுகளை வைக்கும் கட்டம், நகர்த்தும் கட்டம், ஆட்டம் முடிந்த நிலை எனப் பிரித்து நிலை வரைபடம் போடும்போது, அந்தப் படம் தேர்வுக்கு மட்டும் வரையப்படுவதில்லை என்பதும் புரியும். இதுவரை கணினியைத் தொடவே வேண்டாம். தரையில் சுண்ணாம்புக்கட்டியும் புளியங்கொட்டையும் போதும்.

எட்டாவது வாரத்தில் வாடிக்கையாளர் மனம் மாறிவிட்டதாக அறிவியுங்கள்: நேபாளத்தின் பாக் சால் ஆட்டமும் இதே மென்பொருளில் வேண்டும், அதில் நான்கு புலி, இருபது ஆடு, ஐந்துக்கு ஐந்தாக 25 புள்ளிகள். எந்தப் புள்ளி எதனோடு இணைகிறது என்பதைத் தனி அட்டவணையாக வைத்த குழு அட்டவணையை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடும். புள்ளிக்குப் புள்ளி நிபந்தனை எழுதிய குழு இரவெல்லாம் விழித்திருக்கும். இன்னும் துணிவிருந்தால், மாற்றம் செய்யும் அன்று குழுக்களின் நிரலை இடம் மாற்றிக் கொடுத்துவிடுங்கள். அடுத்தவர் எழுதியதைப் படித்துத் திருத்துவதில்தான் ஐ.டி. வேலையின் பெரும்பகுதி கழிகிறது. அதைக் கல்லூரியில் நாம் சொல்லிக்கொடுப்பதேயில்லை.

சோதனைப் பாடத்துக்கு 1980இல் வந்த பேக்மேன் விளையாட்டைக் காட்டலாம். அதில் ஆட்டக்காரர் எத்தனையாவது நிலையில் (லெவல்) இருக்கிறார் என்ற எண்ணை ஒரே பைட்டில் வைத்திருந்தார்கள். 255 வரைதான் அதில் அடங்கும் என்பதால், 256ஆம் நிலைக்குப் போனவருக்குத் திரையின் வலப்பாதி முழுவதும் குப்பையாகச் சிதறியது. எல்லை மதிப்புகளைச் சோதிக்க வேண்டியது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைப்பது அரிது. பிறகு முதலாண்டு மாணவர்களை அழைத்து விளையாட விடுங்கள்; செய்தவர்கள் பின்னால் நின்று, வாயைத் திறக்காமல், குறிப்பு மட்டும் எடுக்க வேண்டும். வாயைத் திறக்காமல் நிற்பதுதான் கடினம்.

மதிப்பெண்ணில் கண்டிப்பாக இருங்கள். திரையின் அழகுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் கொடுத்தால், புலிக்கு மீசை வரைவதிலேயே செமஸ்டர் ஓடிவிடும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு இருக்கும். உழைத்தவர் ஒருவர், பெயர் நால்வருக்கு என்பது அதில் ஓரளவு வெளிப்படும். அதற்காகப் பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால் அதையும் ஏமாற்றக் கற்றுக்கொள்வார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தரவுத்தளம், பாதுகாப்பு, பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் அமைப்பு ஆகியவற்றை இவ்வாட்டம் தொடுவதில்லை. அவற்றுக்கு வேறு பயிற்சி வேண்டும்; துறைத்தலைவரிடம் இதை நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: என் மகள் கல்லூரியில் கேம் செய்துகொண்டிருக்கிறாள். வேலைக்கான நேர்காணலில் இதைச் சொன்னால் ஏற்பார்களா?
– ஒரு தந்தை, பெரம்பூர்

பதில்: "ஒரு கேம் செய்தேன்" என்று மட்டும் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். விதி மாறியபோது நிரலில் எந்தப் பகுதியை மாற்ற வேண்டியிருந்தது, எந்தப் பகுதியைத் தொடாமலே விட முடிந்தது, ஏன் என்று தங்கள் மகளால் ஐந்து நிமிடம் பேச முடியுமானால் கவலைப்படாதீர்கள். இன்றிரவு சாப்பிடும்போது நீங்களே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் கணினி விளையாட்டே ஆடியதில்லை. குழுவில் மற்றவர்கள் பேசுவது எதுவும் புரியவில்லை. விலகிவிடலாமா?
– மாணவி, வேளச்சேரி

பதில்: வேண்டாம். அவர்கள் எத்தனையோ விளையாட்டு ஆடிப் பழகியவர்கள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று திரையில் எழுதாமலே விட்டுவிடுவார்கள், அது விடுபட்டதும் அவர்கள் கண்ணில் படாது. முதல் பதிப்பு இயங்கியதும் உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கெல்லாம் விழித்தீர்களோ அங்கெல்லாம் ஒரு பிழை அறிக்கை எழுதுங்கள். எந்தத் திரையில், எதை எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்ற மூன்றும் ஒவ்வொன்றிலும் இருக்கட்டும்.